பொம்மை கேமரா கையில் இருந்தால் கற்பனை பெருகுமா?

ஒரே காட்சியை போன்ல 20 தடவை கிளிக் பண்ணிட்டு, அதுல எது நல்லா இருக்குன்னு தேடுற ஆளா நீங்க? அப்போ ‘ஹோல்கா’வைப் பற்றி அவசியம் தெரிஞ்சுக்கணும்.

1982-ல் ஹாங்காங்கில் விற்பனைக்கு வந்த மலிவு விலை பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா இது. லென்ஸும் பிளாஸ்டிக்தான். ஃபோகஸ் செய்ய ஒரு ஆள், குடும்பம், கூட்டம், மலை என நான்கு சின்னங்கள் மட்டுமே. இடுக்கு வழியே வெளிச்சம் கசியும் என்பதால், பலரும் கறுப்பு டேப் ஒட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். படத்தின் நடுப்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். மூலைகளோ இருட்டடித்துப் போயிருக்கும்.

இதை வெச்சு என்ன சாதிக்க முடியும்னு கேட்கிறீங்களா? அமெரிக்கப் பத்திரிகை புகைப்படக் கலைஞர் டேவிட் பர்னெட், 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தலில் அல் கோரின் பிரசாரத்தை ஹோல்காவில் படம் எடுத்தார். அதில் ஒரு படம் பரிசும் வென்றது.

காரணம் எளிது. 120 ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படங்கள்தான் கிடைக்கும். எடுத்ததும் பார்க்க ஸ்கிரீன் கிடையாது. அதனால், விரல் அழுத்தும் முன் கண் வேலை செய்யும். தவிர, ஃபிலிமைச் சுற்ற மறந்தால் ஒரே பிரேமில் இரண்டு காட்சிகள் பதிந்துவிடும். முதல் முறை அது தவறு. அடுத்த முறை வேண்டுமென்றே செய்தால், அது ஐடியா!

ஆனா, கேமராவே எல்லாத்தையும் செஞ்சிடாது. இருண்ட மூலையும் ஒளிக்கசிவும் இப்போது போன் ஃபில்டரிலேயே கிடைக்கின்றன. எல்லாப் படத்திலும் அதுவே இருந்தால் பார்ப்பவருக்குச் சலித்துவிடும். பர்னெட்டும் பல வருட அனுபவத்துக்குப் பிறகுதான் ஹோல்காவைக் கையில் எடுத்தார். பொம்மை கேமரா பொறுமையைக் கற்றுத்தரும்; பார்வையை நாமதான் வளர்த்துக்கணும்.

ஃபிலிம், டெவலப்பிங் என ஒவ்வொரு ரோலுக்கும் செலவு உண்டு. அதனால் வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை... இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் 12 படங்கள் மட்டும் எடுங்க. ஜூம் வேண்டாம், டெலிட் வேண்டாம், மறுநாள் வரை கேலரியைத் திறக்கவும் வேண்டாம். அந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பிடிச்சிருந்தா, ஹோல்காவும் பிடிக்கும். எரிச்சலா இருந்தா, காசு மிச்சம்!