வாயில்லாச் சீவன்களின் பதிவேடு

மருந்து எடுக்காத வீடு எமது மண்ணில் இல்லை. ஆனால் அந்த மருந்து எம்மிடம் வந்து சேருவதற்கு முன்னர் யாருடைய உடலில் ஏற்றிப் பார்க்கப்பட்டது என்று நாம் கேட்பது குறைவு. பெரும்பாலும் அது எலி, சுண்டெலி, முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் உடலாகவே இருக்கின்றது. அந்தச் சீவன்களுக்குத் தீன் போட்டு, கூடு கழுவி, நோய் பார்த்து, இறுதியில் அவற்றின் மரணத்திலும் பக்கத்தில் நிற்கின்ற தொழில் ஒன்று இருக்கின்றது. மிருக வைத்தியருக்குக் கீழ்த் தொழில்நுட்ப உதவியாளராக, ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கு இல்லத்தில், பத்து வருடங்களுக்கு மேலாக நான் அந்தத் தொழிலைச் செய்து வருகின்றேன். எமது சகோதரிகள் பலருக்கு இப்படியொரு தொழில் இருப்பது தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் இதைப் "பாவத் தொழில்" என்கின்றார்கள். இரு சாராருக்குமாக இதனை எழுதுகின்றேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2009 ஆம் ஆண்டு முகாமுக்கு வந்தபோது எனக்கு 19 வயது. முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை எழுதி, பின்னர் விலங்கு வளர்ப்பில் டிப்ளோமா முடித்தேன். இந்த வேலைக்கு நியமனக் கடிதம் வந்தபோது அம்மா கேட்டார்: "உதுக்கே பிள்ளை இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சனீ? எலிக்குச் சாப்பாடு போடவோ?" மாடும் கோழியுமாக வாழ்ந்த எமது வீட்டில் எலி என்பது நெல்மூட்டையை வெட்டுகின்ற பகையாளி. அம்மா கேட்டதில் பிழை இல்லை.

ஒரு நாள் வேலை

காலையில் போனதும் செருப்பு மாற்றி, மேலங்கி, கையுறை, முகமூடி அணிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதல் வேலை பார்ப்பது. எதையும் தொடாமல் ஒவ்வொரு கூட்டின் முன்னும் நின்று பார்ப்பேன். யார் மூலையில் ஒதுங்கியிருக்கின்றது, யாருடைய மயிர் சிலிர்த்து நிற்கின்றது, யாருடைய தண்ணீர்ப் போத்தல் குறையவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அதன் பிறகே தீன், தண்ணீர், கூட்டுக்குள் பரப்பும் மரச்சீவல் மாற்றுவது, நிறுப்பது எல்லாம்.

எலிகளின் அறை ஏறத்தாழ 20 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். 12 மணித்தியாலம் வெளிச்சம், 12 மணித்தியாலம் இருட்டு. 2022 மார்ச் மாத முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. போத்தல்களில் ஐஸ் நிரப்பித் துணியால் சுற்றிக் கூடுகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். மரச்சீவலை அடிக்கடி மாற்றினோம். அந்தக் கிழமைகளில் நானும் கூட வேலை செய்யும் இன்னொரு அக்காவும் முறை வைத்து இரவிலும் நின்றோம்.

ஒவ்வொரு சீவனுக்கும் ஒவ்வொரு இயல்பு உண்டு. சுண்டெலி ஏறத்தாழ 20 நாட்களில் குட்டி போடும். குட்டி மயிரில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். கினிப்பன்றியோ ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு மேல் சுமந்து, மயிரோடும் திறந்த கண்ணோடும் குட்டி ஈனும். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலுக்கும் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது. தீனில் அது குறைந்தால் முரசு கரைந்து மூட்டு வீங்கும். முயலைத் தூக்கும்போது பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அது காலை உதறித் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும்.

எமக்குக் கேட்காத அழுகை

எலி தன் வலியை மறைக்கும். நோய்ப்பட்டதைக் காட்டிக்கொண்டால் பூனையும் பருந்தும் முதலில் அதைத்தான் பிடிக்கும் என்பதால் இயற்கை அதற்குக் கொடுத்த பழக்கம் அது. ஆனால் எலி அழாமல் இல்லை. பயத்திலும் வலியிலும் அது எழுப்பும் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 22,000 அதிர்வுகள் கொண்டது. மனிதக் காதுக்கு 20,000 வரைதான் கேட்கும். அது எமக்குப் பக்கத்திலேயே கத்துகின்றது, எமக்குக் கேட்பதில்லை.

காதுக்குக் கேட்காததைக் கண்ணால் பிடிக்க வேண்டும். துன்பப்படும் எலியின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு திரவம் காயும். புதிதாக வருபவர்கள் இரத்தம் என்று பயப்படுவார்கள். அது இரத்தம் அல்ல, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் இருந்து வருவது. 2010 ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆய்வாளர்கள் சுண்டெலியின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னோக்கிச் சாய்வது, மீசைமயிர் நிலை மாறுவது என ஐந்து அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், சுண்டெலியை வாலில் பிடித்துத் தூக்குவது அதற்குப் பெரும் பதற்றம் என்றும், குழாய்க்குள் ஏறவிட்டோ குவித்த கையிலோ தூக்கினால் பதற்றம் குறைகின்றது என்றும் காட்டினார்கள். நானும் வாலில் தூக்குவதில்லை.

இந்தப் பார்வை எமக்குப் புதிதல்ல. பேச்சு நின்றுபோன பிள்ளையை, ஒரு மூலையிலேயே இருக்கும் மாமியை, நித்திரையில் திடுக்கிடும் கணவரை முகம் பார்த்தே கவனித்தவர்கள் நாங்கள். வாய் திறக்காதவரின் வலியை அறிவது ஒரு கெட்டித்தனம். அதற்கு இங்கே சம்பளம் உண்டு.

எழுதினால்தான் கணக்கு

"பதிவு" என்ற சொல் எங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்குகின்ற சொல். வரிசையில் நின்று எத்தனை தரம் எம்மைப் பதிந்தார்கள்! ஆனால் பதிவேடு ஒரு சீவனைக் காப்பாற்றவும் கூடும் என்பதை நான் கண்டது இந்த வேலையில்தான். ஒவ்வொரு கூட்டிலும் ஓர் அட்டை தொங்கும். நிறை, தீன், நடமாட்டம், முகம் எல்லாவற்றையும் நாள்தோறும் எழுதி ஒப்பமிடுவேன்.

ஒரு முறை ஓர் ஆய்வு மாணவரின் எலி மெலியத் தொடங்கியது. தொடக்கத்தில் 240 கிராம், ஆறாம் நாள் 190 கிராம். நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஆய்வுக்கு அனுமதி கொடுத்த ஒழுக்கவியல் குழுவின் கடிதத்தில், அந்த அளவுக்கு நிறை குறைந்தால் அந்த விலங்கின் பரிசோதனையை நிறுத்த வேண்டும் என்று இருந்தது. மாணவர் கெஞ்சினார்: "அக்கா, இன்னும் மூண்டு நாள்தான். விட்டால் என்ரை கணக்கு முழுமையாகும்."

"தம்பி, இது நான் சொல்லுற கதை இல்லை. அட்டை சொல்லுது" என்றேன்.

அட்டையை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்தார், நிறுத்தினார். அந்த எலியை நோவில்லாமல் முடித்தோம். மாணவர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த இடத்தில் என்னைவிடக் குறைந்த பதவியில் இருந்தவர்கள் சிலரே. ஆனாலும் என் கையெழுத்து அங்கே செல்லுபடியானது. நாள் தவறாமல் எழுதியிருந்ததுதான் அதற்குக் காரணம்.

சேலைன் போத்தலும் முயலும்

இறுதி யுத்தத்தில் மரக்கிளையில் சேலைன் போத்தல் தொங்கியதைக் கண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தண்ணீர் உடம்புக்குள் போய்க் காய்ச்சலைக் கிளப்பாது என்று எப்படி நம்பினார்கள்?

முன்னைய காலத்தில் நரம்பில் மருந்து ஏற்றிய நோயாளிகளுக்குக் காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தது. 1920களில் அமெரிக்காவைச் சேர்ந்த புளோரன்ஸ் சைபர்ட் என்ற பெண், கொதிக்க வைத்த தண்ணீரிலும் எஞ்சியிருக்கும் பக்ரீரியா நச்சே காரணம் என்று முயல்களைக் கொண்டு கண்டறிந்தார். மூன்று வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் நடையில் குறையோடு வாழ்ந்தவர் அவர். அதன் பின்னர் மருந்தை முயலின் காது நரம்பில் ஏற்றி மூன்று மணித்தியாலம் காய்ச்சல் பார்ப்பது உலகெங்கும் சோதனை முறையாயிற்று. பாம்புக்கடிக்குப் போடும் விசமுறிவு மருந்தும் குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுக்கப்பட்டு, சுண்டெலியில் சோதிக்கப்படுவதுதான்.

இதனால் எல்லாம் நியாயமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1959 ஆம் ஆண்டு வில்லியம் ரசல், ரெக்ஸ் பேர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் மூன்று விதிகளை எழுதினார்கள். விலங்கில்லாமல் செய்ய முடிந்தால் விலங்கை எடுக்காதே, எடுத்தால் மிகக் குறைவாக எடு, எடுத்ததற்கு வேதனையைக் குறை. இன்று ஆய்வு அனுமதிகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இவையே அடிப்படை. பலனும் தெரிகின்றது. காய்ச்சல் நச்சை மனித இரத்தக் கலங்களைக் கொண்டே கண்டுபிடிக்கும் முறை இப்போது இருக்கின்றது. ஐரோப்பிய மருந்து நியம நூலை ஆக்கும் ஆணைக்குழு, அந்த முயல் சோதனையைத் தன் நூலில் இருந்து நீக்க 2024 ஆம் ஆண்டு முடிவு செய்தது. முயல்களைப் பார்த்து வளர்த்தவளுக்கு இது நல்ல செய்தி.

மரணத்தைப் பற்றி

இதை மறைத்து எழுதினால் நான் சொன்ன மற்றவற்றுக்கும் மதிப்பில்லை. பல ஆய்வுகளின் முடிவில் விலங்குகளைக் கொல்ல வேண்டியிருக்கின்றது. மயக்க மருந்தைக் கூடுதலாகக் கொடுத்து முடிப்போம். மற்றவற்றின் கண் முன்னால் செய்வதில்லை. மூச்சு நின்றதையும் இருதயம் நின்றதையும் நிச்சயப்படுத்தும் வரை விட்டுப் போவதில்லை. சாவைப் போதும் போதும் என்று பார்த்த எனக்கு இந்த வேலை ஏன் என்று என்னையே நான் கேட்டதுண்டு. நான் கண்ட சாவுகளில் பக்கத்தில் நிற்க ஆளிருக்கவில்லை, நோவைக் குறைக்க மருந்திருக்கவில்லை. இங்கே இரண்டும் இருக்க வேண்டும் என்பது என் பொறுப்பில் இருக்கின்றது. அதுதான் என்னை இங்கே வைத்திருக்கின்றது.

ஆனாலும் மனம் களைக்கும். பராமரித்த கையே முடிக்கவும் வேண்டியிருப்பதால் வரும் சோர்வு இந்தத் தொழிலில் உலகெங்கும் அறியப்பட்டது. கொல்லும் நாளில் முறை மாற்றிக்கொள்வதும், மனதில் உள்ளதைக் கூட வேலை செய்பவரோடு கதைப்பதும் உதவும். ஜப்பானில் ஆய்வு நிலையங்கள் இறந்த விலங்குகளுக்காக நினைவு வழிபாடு செய்வது வழக்கம். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 2013 ஆம் ஆண்டு ஆய்வுகூடச் சுண்டெலிக்கு ஒரு சிலை வைத்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஆச்சியைப் போல, அந்தச் சுண்டெலி மரபணு இழையைப் பின்னிக்கொண்டிருக்கின்றது.

இந்த வேலைக்கு வர விரும்பினால்

விலங்கு வளர்ப்பு, ஆய்வுகூடத் தொழில்நுட்பம் போன்ற பயிற்சிகளில் ஒன்று இருப்பது உதவும். வெற்றிடங்கள் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரும். மிருக வைத்தியராகவே வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, அந்தப் பட்டத்துக்கான பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது.

உங்கள் உடம்பையும் பாருங்கள். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் பலருக்குத் தும்மலையும், சிலருக்கு இழுப்பையும் கொடுக்கும். முன்னரே இழுப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு முடிவெடுங்கள். முகமூடியைக் கழற்ற வேண்டாம். ஏற்பு ஊசி போட்டிருக்க வேண்டும். கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, மேலதிகாரிக்கு அறிவியுங்கள். கர்ப்பமாக இருந்தால் மயக்க வாயு உள்ள அறையில் இருந்து மாற்றித் தரும்படி கேட்பதில் வெட்கமில்லை.

நேர்முகப் பரீட்சையில் அவர்கள் உங்களிடம் பல கேள்விகள் கேட்பார்கள். நீங்களும் ஒன்று கேளுங்கள்: "விலங்கு வேதனைப்பட்டால் பரிசோதனையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இங்கே யாருக்கு இருக்கின்றது?" அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் இடத்தில் வேலைக்குச் சேருங்கள்.