காணியைப் பொறுப்பு வைக்குமுன்

யாழ்ப்பாணத்தில் அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டால் முதலில் அடைவுக்குப் போவது நகைதான். தவணைக்குள் முதலும் வட்டியும் கட்டினால் நகை திரும்பும், கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போகும். இதில் குழப்பம் குறைவு. கடனுக்குக் காணி பொறுப்பு நிற்கும்போதுதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நொத்தாரிசு முன்னால் போடும் கையெழுத்து ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உறுதியின் வகையைப் பொறுத்து, காணி உங்களுடையதாகவே இருக்கலாம், அன்றைக்கே கைமாறியும் போயிருக்கலாம்.

வழக்கமாக எழுதுவது ஈடு. காணி உங்கள் பெயரிலேயே இருக்கும், நீங்களே குடியிருந்து பயிர் செய்யலாம். கடன் கொடுத்தவர் காசு வரவில்லையென்று தாமாக வந்து வேலி அடைக்க முடியாது. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்புப் பெற்ற பிறகுதான் காணி ஏலத்துக்கு வரும். வங்கிகளுக்கு மட்டும் 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம் ஒரு விதிவிலக்குத் தந்தது. பெரிய கடன்களில், பணிப்பாளர் சபையின் தீர்மானத்தோடு, நீதிமன்றப் படி ஏறாமலே அவை ஏலம் போடலாம். ‘பராட்டே’ என்று பத்திரிகைகளில் அடிபட்டது இதுதான். பொருளாதார நெருக்கடியில் தொழில்கள் படுத்துவிட்டதால் 2024-இல் அரசாங்கம் இதைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

ஒற்றி என்பது வடக்கில் வழங்கிவரும் ஏற்பாடு. 1706-இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி எழுத, முதலியார்கள் பன்னிருவர் அதைச் சரிபார்த்தார்கள். தேசவழமை எனப்படும் அந்தத் தொகுப்புக்கு ஆங்கிலேயர் 1806-இல் சட்ட வலுக் கொடுத்தார்கள். ஒற்றியும் அதற்குள் அடங்கும். நாலு பரப்புத் தோட்டக்காணியை ஒருவர் ஒற்றி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுத்தவர் காணியைக் கைவசம் எடுத்து வெங்காயமோ புகையிலையோ வைப்பார். விளைச்சல் அவருக்கு, அதுவே வட்டி. எத்தனை வருடம் கழித்து மீட்டாலும் வாங்கிய முதலை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒரு போகம் மழையில் அழுகிப் போனால் அந்த நட்டமும் பயிர் வைத்தவருடையது, கடன் ஒரு சதமும் ஏறாது. மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு: பயிர் நிற்கும்போது மீட்கக் கேட்க முடியாது, வெட்டி எடுக்கும்வரை பொறுக்க வேண்டும். வட்டி குட்டி போடாத இந்த ஏற்பாட்டை எழுதாக் காலத்திலேயே கண்டுகொண்ட எங்கள் முன்னோரை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தோட்டத்தை நம்பியே அடுப்பெரியும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. காணி கையை விட்டுப் போனால் முதலைத் தேடுவது எப்படி?

பயப்பட வேண்டியது அடுத்தது. “ஈடெல்லாம் கரைச்சல், அறுதியாய் எழுதித் தாங்கோ, காசு தந்தவுடனை திருப்பி எழுதித் தாறன்” என்று கேட்பார்கள். அறுதி உறுதி விற்பனை உறுதி. திருப்பி எழுதும் நிபந்தனையை உறுதியிலேயே சேர்த்து எழுதினாலும், சொன்ன தவணை தப்பினால் காணி போனதுதான். வாய்ச்சொல் மட்டும் என்றால் நிலைமை இன்னும் மோசம். காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840-இலிருந்து சட்டம். “இது விற்பனையல்ல, கடன்தான்” என்று வழக்காட நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தில் இடமுண்டு. பெறுமதியில் பாதிக்கு எழுதியது, எழுதிய பிறகும் நீங்களே தொடர்ந்து குடியிருந்தது போன்ற சான்றுகளை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும் வழக்கு.

பிணைக்குக் கையெழுத்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. “முதலில் கடன் எடுத்தவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்” என்று கேட்கும் உரிமை பிணையாளிக்குப் பழைய சட்டத்தில் உண்டு. வங்கிப் படிவத்தின் சிறிய எழுத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அந்த உரிமையைத்தான்.

திருமணமான பெண்ணின் சீதனக் காணி தனியே பேச வேண்டியது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. நகைக்கு அது தேவையில்லை, காணிக்குத்தான். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் தன் தாய் எழுதிக் கொடுத்த காணியைக் காட்டிக் கடன் கேட்டால், சம்மதக் கையெழுத்துக்கு எங்கே போவாள்? இந்தக் கொடுமை இன்னும் சட்டத்தில் இருக்கக் கூடாது. அது நீங்கும்வரை இருக்கும் வழி, கணவன் இருக்குமிடம் தெரியாதபோது அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறுவது. காணி உறுதி, விவாகப் பதிவு, காணாமற்போனது பற்றிய முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றோடு மனுவை முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது. கடன் படிவம் கைக்கு வந்த பிறகு தொடங்கினால் அந்தப் போகம் தவறிவிடும்.