கொச்சித் துறையில் எட்டு மணி நேரம்

இரயிலில் சென்று இறங்குவோர்க்கு எந்த நகரமும் முதலில் தன் புழக்கடையைத்தான் காட்டும். இடிந்த மதிற்சுவர், சரக்குக் கொட்டகை, சாக்கடை, கொடியில் உலரும் துணி ஆகியவற்றையெல்லாம் கடந்த பிறகே நிலையம் வரும். இரயில்வேயில் ஊதியம் பெற்று உண்ணும் எனக்கு இதைக் குறையாகச் சொல்ல உரிமையில்லை. ஆயினும், பழந்துறைமுக நகரம் ஒன்றைக் கடல்வழியே சென்று காண்பவர்க்கு அந்நகரம் தன் தலைவாயிலையே திறந்து காட்டுகிறது என்பதைச் சென்ற மார்கழியில் கண்டேன். அவ்வாறு கண்ட நகரம் கொச்சி.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஐந்தாண்டுகளாகப் போட்டு வைத்திருந்த தொகை முதிர்ந்தது. அதைக் கொண்டு ஒரு தையல் இயந்திரமும் ஓர் அலமாரியும் வாங்கலாம் என்பது என் எண்ணம். கடலில் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது இல்லாளின் எண்ணம். எது வென்றது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மும்பையில் மாலையில் ஏறி, இடையே ஒரு பகல் முழுவதும் நீரையும் வானையும் பார்த்துக்கொண்டிருந்து, மூன்றாம் நாட்காலையில் கொச்சியை அடைந்தோம். கப்பலுக்குள் நடைபெறும் ஆட்டம் பாட்டம், வேளைக்கு இருபது வகை உணவு ஆகியவை குறித்து விளம்பரத் தாள்களே விரிவாக எழுதுகின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கரையைப் பற்றிச் சொல்லுகிறேன்.

விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு முதலில் தென்பட்டவை சீன வலைகள். வலப்புறம் கோட்டைக் கொச்சி, இடப்புறம் வைப்பின் தீவு. இரண்டிற்கும் இடையேயுள்ள கடல்வாய் வழியாகத்தான் பெருங்கப்பல்களும் நுழைகின்றன. அவ்வாயின் ஓரத்தில், நாரைகள் கழுத்தை நீட்டி நிற்பதுபோல், மரச்சட்டங்களில் கட்டிய வலைகள் நீரில் தாழ்வதும் எழுவதுமாக இருந்தன. வலையின் பளுவுக்கு ஈடாக மறுமுனையில் கயிறுகளில் கற்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சீன வணிகர் கொண்டுவந்து தந்த முறை இது என்பது வழக்கு. எங்கள் கப்பலோ பல மாடி உயரம். அதன் மேலிருந்து பார்க்கையில், நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்துச் சில மீன்களை எடுப்பது பிள்ளைகள் விளையாட்டாகத் தோன்றியது. கீழே இறங்கி அருகில் நின்று பார்த்த பின்னரே அது எத்துணைக் கடும் உழைப்பு என்பது புலனாயிற்று.

இக்கடல்வாய் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சங்கப் புலவர்கள் பாடிய சேரநாட்டு முசிறித் துறை இதற்கு வடக்கே, பேரியாற்றின் முகத்தில் இருந்தது. 1341ஆம் ஆண்டில் வந்த பெருவெள்ளத்தால் அத்துறை தூர்ந்து, கொச்சியில் புதிய வாய் திறந்தது என்று வரலாற்று ஆசிரியர் கூறுவர். ஓர் ஊரின் வாழ்வை ஆறு எடுத்து மற்றோர் ஊருக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் இவ்வாயின் குறுக்கே கடினமான மணல்திட்டு ஒன்று கிடந்தமையால், பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளிலேதான் சரக்கு ஏற்றி இறக்கினார்கள். சென்னை மாகாண ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920இல், இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் இங்கு அனுப்பப்பட்டார். அத்திட்டை வெட்டி வழி உண்டாக்கி, 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பலை உள்துறைக்குள் வரச்செய்தார். தோண்டி எடுத்த மண்ணையும் வீணாக்காமல் காயலில் கொட்டி ஒரு தீவையே எழுப்பினார்கள். அதுவே வில்லிங்டன் தீவு. எங்கள் கப்பல் அணைந்ததும் அத்தீவில்தான். 2021இல் திறக்கப்பட்ட ‘சாகரிகா’ என்னும் பயணியர் முனையம் அங்கு உள்ளது.

இரயில்வே அன்பர்களுக்காக ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வண்டியை இன்றும் ‘ஐலண்ட் எக்ஸ்பிரஸ்’ என்கிறோமே, அது எந்தத் தீவு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவ்வண்டி ஒரு காலத்தில் இவ்வில்லிங்டன் தீவிலிருந்த கொச்சித் துறைமுக நிலையத்தில்தான் நின்றது. பயணம் வேறு திசைக்கு மாறிய பின்னும் பெயர் மட்டும் மாறவில்லை.

காலை எட்டு மணிக்கு இறங்கலாம். மாலை நான்கு மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். கப்பலார் ஏற்பாடு செய்த பேருந்தில் போகாமல், முனையத்துக்கு வெளியே ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டோம். தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றாலே பழைய நகரம் வந்துவிடுகிறது. பேருந்தில் சென்றவர்களையும் நாங்கள் போன இடங்களிலெல்லாம் கண்டோம். கையில் எண் எழுதிய அட்டையுடன் வழிகாட்டி முன்னே விரைய, அவர்கள் பின்னே விரைந்துகொண்டிருந்தார்கள்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குச் செல்லாத பயணி இல்லை. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று இந்நகரில் உயிர்நீத்தான். அவனை அடக்கம் செய்த இடம் இது. உடலின் எச்சங்களைப் பின்னர்ப் போர்த்துகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். எஞ்சியிருப்பது கல் மட்டுமே. அவன் 1502இல் யாத்திரிகர் நிறைந்த கப்பலொன்றைக் கொளுத்தியவன் என்பதைக் கருதினால், அக்கல்லின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள அத்துணை நெரிசல் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. தேவாலயமே ஒரு வரலாற்றுச் சுருக்கம். போர்த்துகீசியர் கட்டினர், 1663இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைத் தம் சமயப் பிரிவுக்கு மாற்றினர், 1795இல் ஆங்கிலேயர் வந்து தம் முறைக்கு மாற்றிக்கொண்டனர்.

மட்டாஞ்சேரி அரண்மனையின் பெயரும் இத்தகையதே. போர்த்துகீசியர் 1555ஐ ஒட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்ததை, டச்சுக்காரர் பழுதுபார்த்தமையால் ‘டச்சு அரண்மனை’ என்றே உலகம் வழங்குகிறது. வெள்ளையடித்தவன் பெயர் நிலைத்துவிட்டது! உள்ளே சுவர் முழுவதும் இராமாயண ஓவியங்கள். அவற்றைக் காண ஒரு மணி நேரம் வேண்டும். எங்களால் அரைமணிதான் தர முடிந்தது. அடுத்த தெரு யூதத்தெரு. 1568இல் எழுந்த தொழுகைக் கூடத்தின் தரையில் சீனத்திலிருந்து வருவித்த நீலவெள்ளை ஓடுகள் பதித்திருக்கின்றன. மிளகு மணமும் சுக்கு மணமும் அத்தெருவில் இன்னும் உண்டு. அத்தெருவுக்குப் பெயர் தந்த மக்கள்தாம் இல்லை. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின் அவர்களுள் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றுவிட்டனர். வீடுகள் பழம்பொருட் கடைகளாகிவிட்டன.

இவ்வளவும் வழிகாட்டி நூல்களில் உள்ளவை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இவற்றுள் எதுவும் அன்று. ஆட்டோ ஓட்டுநர் நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, “நிங்கள் தமிழரோ? எங்கில் தோபிகானா காணணும்” என்று சொல்லிக் கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றார்.

மஹாலட்சுமி நிலையத்துப் பாலத்திலிருந்து நாம் நாள்தோறும் காணும் வண்ணாந்துறையை அறிந்தவர்களுக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். ஒரு கூரையின் கீழ் வரிசை வரிசையாகச் சிறு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டியும் ஒரு கல்லும். வெளியே பரந்த திடலில் கொடிகள். கொடியில் கவ்விகளே இல்லை. இருபுரியாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு வீசினாலும் துணி அசைவதன்றி விழுவதில்லை. சோற்றுக்கஞ்சி தோய்த்து, நீலம் போட்டு, கரி நிரப்பிய கனத்த இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள். மின்பெட்டி வைத்திருப்போரும் உண்டு.

அங்கு உழைப்போர் தமிழர். வண்ணார் குலத்தைச் சேர்ந்த இவர்தம் முன்னோரை டச்சுக்காரர், தம் படையினரின் துணி வெளுப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து அழைத்துவந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தூத்துக்குடியும் 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. டச்சுக்காரர் போனபின் ஆங்கிலேயர் துணியை வெளுத்தார்கள். அவர்களும் போனபின் விடுதிகளின் விரிப்பையும் ஊராரின் வேட்டியையும் வெளுக்கிறார்கள். முன்பு குளங்களில் வெளுத்தவர்களுக்கு இப்போதுள்ள கட்டடம் 1976இல் அமைந்தது. இதை நடத்தி வருவது அவர்கள் சங்கமே.

தேய்ப்புக் கொட்டகையில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் பெட்டிக்குக் கரியிட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு?” என்றார்.

“மும்பை, ஆச்சி.”

“அது பிழைக்கிற ஊரு. சொந்த ஊரு?”

“சங்கரன்கோவில் பக்கம்.”

“அப்போ திருநெல்வேலிச் சீமை. எங்க பெரியவங்களும் அந்தப் பக்கந்தான்னு சொல்லுவாங்க.”

“நீங்க அங்கே போனதுண்டா?”

“யாரைத் தேடிப் போறது?” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை ஊதினார். “பெரியவங்களுக்கு அது ஊரு. எனக்கு இதுதான்.”

அவர் பேச்சில் மலையாளத்தின் இழுப்பு இருந்தது. ஆனால் சொற்கள் நம் சொற்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி என்றார். தஞ்சாவூர்க்காரியான என் இல்லாள் அதைக் கொட்டாங்கச்சி என்பாள். எங்கள் பக்கத்தில் சிரட்டைதான். அச்சொல் அவர் வாயில் மலையாளத்திலிருந்து வந்ததா, மூதாதையர் மூட்டையிலேயே வந்ததா என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்பவள். நம் சங்கத்துக் குடும்பங்களில் இது புதுமையன்று. ஆச்சி அவளிடம் பெயரும் வகுப்பும் கேட்டார். அவள் தயங்கித் தயங்கித் தமிழிலேயே சொன்னாள். பின்னர்க் கஞ்சி எதற்கு, கரி சுடாதா என்று அவளே கேட்கத் தொடங்கினாள். மொழிப்பற்று திடீரென்று பொங்கிவிட்டதாக நான் மகிழ்ந்துகொள்ளவில்லை. ஆச்சிக்கு இந்தி தெரியாது என்பதே காரணம். வீட்டில் எங்களிடம் அவள் இந்தியில் பேசினால் எங்களுக்குப் புரிந்துவிடுகிறது. அங்கே அவ்வசதி இல்லை.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள்! நாமோ இரண்டாம் தலைமுறையிலேயே வார வகுப்பு வைத்தும் பரிசு கொடுத்தும் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்க அல்லற்படுகிறோம். பள்ளியும் சட்டமும் துணையில்லாமல் இவர்கள் எவ்வாறு காத்தார்கள் என்று வழியெல்லாம் எண்ணினேன். ஒரே தெருவில் குடியிருந்தார்கள், தமக்குள்ளேயே மணந்துகொண்டார்கள், பக்கத்துப் பக்கத்துக் கல்லில் நின்று வெளுத்தார்கள். மொழியைக் காத்த வேலி அதுதான். ஆனால் அவ்வேலியை அவர்கள் விரும்பிப் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியுமா? அது சாதி போட்ட வேலியும் ஆகும். அழுக்குத் துணியைக் கையில் வாங்கிய ஊர், அவர்களைத் தன் வீட்டுக்குள் அழைத்ததா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய வேலி நமக்கு வேண்டா. அது இல்லாமல் தமிழைக் காக்கும் வழியை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் உண்மை.

கல்லின் முன் நின்ற நடுவயதினர் ஒருவரிடம், பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வருவார்களா என்று கேட்டேன். மூத்தவன் வளைகுடா நாட்டில் இருக்கிறான், இளையவள் செவிலியர் படிப்புப் படிக்கிறாள் என்றார். “இந்தக் கல்லு என்னோட போகட்டும்” என்றார். சலவை இயந்திரம் வீடுதோறும் வந்துவிட்டது. வருவாயும் முன்போல் இல்லையாம். எங்களுடன் கப்பலில் வந்த பயணி ஒருவர் அப்போது அங்கே படமெடுத்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டு, “ஐயோ, இந்தப் பழைய கலை அழிந்துவிடுமே” என்று ஆங்கிலத்தில் வருந்தினார். எட்டு மணி நேரத்துக்கு வந்தவருக்கு அவ்வருத்தம் எளிது. வாழ்நாள் முழுவதும் முழங்காலளவு நீரில் நின்றவர் தம் மகளைச் செவிலியாக்குவதில் எந்த இழப்பையும் நான் காணவில்லை. அம்மகள் வீட்டில் எம்மொழி பேசுவாள் என்பது வேறு கேள்வி.

இவ்வழியே செல்லும் அன்பர்கள் சில குறிப்புகளை மனத்திற் கொள்க. யூதர் தொழுகைக் கூடம் சனிக்கிழமைகளில் பயணிகளுக்குத் திறப்பதில்லை. வண்ணாந்துறைக்கு முற்பகலில் சென்றால் வெளுப்பும் உலர்த்தலும் தேய்ப்பும் ஒருங்கே காணலாம். நாங்கள் பதினொன்றரை மணிக்குச் சென்றோம். அது வேலை நடக்கும் இடம். படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழில் பேசினால் அவர்கள் வேலையை நிறுத்தாமலே விடை சொல்வார்கள். ஊர் எது என்று கட்டாயம் கேட்பார்கள்.