பறவைக்கு மரம், வயலுக்கு உரம்

வேடந்தாங்கலுக்குப் போய் வந்தவங்க எல்லாரும் “நிறைய பறவை பார்த்தோம்”னு மட்டும்தான் சொல்றாங்க. ஏரி சின்னதுதான், சுமார் 30 ஹெக்டேர். பிறகு ஏன் ஆயிரக்கணக்கில் அங்கேயே வந்து கூடு கட்டுகின்றன?

காரணம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினதும் கடப்ப மரங்கள் பாதி மூழ்கி நிற்கும். வேற மரம்னா அழுகிடும், இது தாங்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாய், பூனை, கீரி எதுவும் கூட்டுப் பக்கம் போக முடியாது. அகழி வெட்டின கோட்டை மாதிரி! மழை பொய்த்து ஏரி வறண்டால் அந்த வருஷம் கூடுகளும் குறைந்துவிடும்.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். கரண்டிவாயன் அலகைத் திறந்து தண்ணீரில் இப்படியும் அப்படியும் துழாவும். பாம்புத்தாரா உடம்பை முக்கி, கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். நாங்கள் போனபோது என் தங்கை “ஐயோ, பாம்பு!”னு கத்தியே விட்டாள்.

எல்லாமே சைபீரியாவில் இருந்து வருதுன்னு சொல்றது சரியில்லை. கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகள்தான். ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை வடக்கே இருந்து குளிருக்கு வரும், இங்கே முட்டையிடாது.

எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது காசில்லாத உரம். அதனால்தான் கம்பெனி ஆட்சியில், 1790களின் கடைசியிலேயே, பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பாதுகாப்புக்கு எழுத்தே வாங்கிவிட்டார்கள். 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் ஏரியை மட்டும் காப்பாற்றினால் போதாது. கூடுதான் இங்கே, சாப்பாடு சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல் வயல்களிலும். அதற்காகத்தான் 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. தூரத்தையும் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த வயலில் மருந்து அடித்து நத்தை செத்தால், மரத்தில் இருக்கிற குஞ்சுக்குப் பட்டினி.

போவதானால் டிசம்பர், ஜனவரியில், சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்க. இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். பளிச்சென்ற சட்டை வேண்டாம், கை தட்டவும் வேண்டாம். கோபுரத்தில் ஏறி, வெள்ளை அடித்த மாதிரி இருக்கிற மரத்தை முதலில் தேடுங்க. அது பூ இல்லை, எச்சம். கூடுகள் அங்கேதான்.