குவேனி: ஏட்டிலும் அச்சிலும் ஒரு கொடியவள்

கதையென்றால் அதில் ஒரு கொடியவன் வேண்டும். நல்லோனின் பெருமையை அளந்து காட்டும் கோல் அவனே. ஆயினும் அக்கொடியவன் எக்காலத்தும் ஒரே நிலையில் நிற்பதில்லை. எழுதுவோர் மாறுந்தோறும், பதிப்போர் மாறுந்தோறும் அவனும் மாறுகிறான். 1965ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் ‘லயன்’ என்னும் சிறுவர் சித்திரக்கதை வார இதழில் ஸ்பைடர் என்னும் பாத்திரம் தோன்றியது. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக முயன்ற அக்கயவன், எழுத்தாளர் மாறிய பின்னர், குற்றவாளிகளையே வேட்டையாடும் வீரனானான். 1984இல் சிவகாசியில் தொடங்கப்பெற்ற லயன் காமிக்ஸ் அவனைத் தமிழ்ச் சிறுவர்க்கும் உரியவனாக்கியது.

இத்தகைய மாற்றங்களை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கண்டுவரும் பாத்திரம் ஒன்று இலங்கையிலும் உண்டு. புத்தளக் கடற்கரையோடு இணைத்துப் பேசப்படும் குவேனியே அது.

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைத் தொடுமிடத்தில், குதிரைமலை என்னும் முனை உள்ளது. அங்கே கரை முழுவதும் செம்மண். விஜயனும் அவனுடைய எழுநூறு தோழரும் கரையிறங்கியபோது, களைப்புற்று நிலத்தில் ஊன்றிய அவர்தம் கைகள் செந்நிறமாயின என்றும், அதனாலேயே அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்றும் மகாவம்சம் கூறும். அத்தம்பபண்ணி குதிரைமலையே என்பார் உளர். வேறிடங்களைக் காட்டுவாரும் உளர்.

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூல்களுள் முந்தியது தீபவம்சம். அது ஏறத்தாழக் கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது. விஜயனின் வருகையை அந்நூல் பாடுகிறது. ஆனால் குவேனியைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அதற்கு நூறாண்டு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காலத்தின் பின், மகாநாம தேரர் இயற்றிய மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்திலேதான் அவளுடைய கதை விரிவாக வருகிறது.

அங்கே அவள் ஓர் இயக்கி. மரத்தடியில் தவப்பெண்போல் அமர்ந்து நூல் நூற்கிறாள். விஜயனின் தோழரை ஒவ்வொருவராகச் சிறைப்பிடிக்கிறாள். விஜயன் அவளுடைய கூந்தலைப் பற்றி வாளை ஓங்கியதும் உயிர்ப்பிச்சை கேட்டு, அரசையே தருவதாக வாக்களிக்கிறாள். சொன்னபடியே இயக்கரின் நகரமாகிய சிரீசவத்துவை வெல்லும் வழியைக் காட்டி, தன் இனத்தாரை அழிக்கத் துணை நிற்கிறாள். இருவருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள் பிறக்கின்றனர்.

பின்னர் நிகழ்ந்ததையும் அந்நூலே மறைக்காமல் உரைக்கிறது. முடிசூட்டு விழாவுக்கு அரச குலத்துப் பெண் வேண்டுமென்று, தென்னிந்திய மதுரைக்கு ஆள் அனுப்பிப் பாண்டிய அரசன் மகளை வரவழைக்கிறான் விஜயன். குவேனியை வெளியேறுமாறு பணிக்கிறான். இயக்கரிடம் திரும்பிய அவளை ஒற்றறிய வந்தவளென்று எண்ணி, அவர்களுள் ஒருவன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். தாய்மாமன் எச்சரிக்க, பிள்ளைகள் இருவரும் தப்பிச் சிவனொளிபாதமலைப் பக்கம் சென்று வாழ்கின்றனர். அவர்களிடமிருந்தே புளிந்தர் தோன்றினர் என்பது நூலின் முடிபு.

பிற்காலக் கதைகள் அவளை வேறொரு வகையில் வளர்த்தன. கைவிடப்பட்டவளின் பழி அரச மரபைத் தொடர்ந்தது என்றும், விஜயனுக்குப் பின் வந்த பண்டுவாசுதேவன் அதனால் நோயுற்றான் என்றும் சிங்கள மக்கள் மரபு கூறும். அந்நோயைத் தீர்க்க நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சடங்கே கண்டிப் பகுதியின் கொஹொம்பா கங்காரிய ஆடல். ஏட்டில் மடிந்தவள் சடங்கில் அச்சந்தரும் ஆற்றலாக நின்றாள்.

ஓலைச்சுவடியில் விகாரைகளுக்குள் இருந்த இக்கதை, குடியேற்ற ஆட்சியின் அதிகாரியாகிய ஜோர்ஜ் டேனர் 1837இல் வெளியிட்ட மகாவம்சப் பதிப்பால் ஆங்கில அச்சில் ஏறியது. ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் கைகர் 1908இல் பாளி மூலத்தைச் செம்மையாகப் பதிப்பித்தார். 1912இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அச்சு ஒரு கதையைப் பரப்புவதோடு, அதற்கு வரலாற்றின் தோற்றத்தையும் தந்துவிடுகிறது. 1963இல் ஹென்றி ஜயசேன தம் சிங்கள நாடகத்துக்குக் குவேனி என்றே பெயரிட்டபோது, கைவிடப்பட்ட பெண்ணின் குரல் மேடையேறியது.

அவளை இயக்கியென்று ஒதுக்கிய நூலே அவளைப் பற்றிச் சொல்லாமற் சொல்லும் செய்திகள் சில உண்டு. அவள் நூல் நூற்றாள். வணிகரின் மரக்கலங்களிலிருந்து பெற்ற அரிசி அவளிடம் இருந்தது. அவளுடைய இனத்தாருக்கு நகரமும் மணவிழாவும் இருந்தன. நெசவும் வாணிகமும் மணமும் அறிந்தவர்களை வெறும் பேய்களென்று கொள்வது எவ்வாறு?

மண்ணும் ஒரு சான்று தருகிறது. குதிரைமலைக்குத் தெற்கே, அதே கரையை அண்டிய பொம்பரிப்பில், 1956ஆம் ஆண்டளவிலும் 1970இலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. பொருநைக்கரை ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை அறிஞர் ஒப்பிடுவர். அத்தாழிகளில் உறங்கியோர் குவேனியின் சுற்றத்தாரென்று எவரும் நிறுவவியலாது. ஆயினும் அரச வரலாறு எழுதப்படுமுன்னரே இக்கரையில் தம் இறந்தோரை அன்போடு அடக்கம் செய்த மக்கள் வாழ்ந்தனர் என்பது தெளிவு.

ஒருவரைக் கொடியவரென்று எழுதிய ஏட்டைப் படிக்குங்கால், அதனை எழுதியவர் யார், எவருக்காக எழுதினார் என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் நன்று. குவேனி தன் கதையைத் தானே எழுதவில்லை. அவளை வென்றோரின் மரபே அதனை எழுதிற்று. அவ்வாறிருந்தும், அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் மறையாமல் பொறித்துவைத்தமை அந்நூலுக்கே உரிய பெருமையாகும்.