டில்லிக் கொள்கையும் நம் கடைக் கல்லாவும்

கடலூர் முதுநகர் மொத்த வியாபாரிகள், விருதுநகர் மார்க்கெட்டில் பருப்பு, வற்றல் விலை கேட்க டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. சிறு கடைக்காரருக்குத் தொலைபேசி இணைப்பே எட்டாக்கனி.

அந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1994 மே மாதம் மத்திய அரசு அறிவித்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, கேட்டவுடன் இணைப்பு, நகரங்களில் 500 பேருக்கு ஒரு பொதுத் தொலைபேசி என இலக்கு வகுத்தது. 1999 கொள்கை, தொலைபேசி நிறுவனங்கள் கட்டிய நிலையான உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்காக மாற்றியது. போட்டி பெருகியது, கட்டணம் சரிந்தது.

இன்று சிதம்பரம் மேல வீதி மளிகைக் கடையிலும் கைப்பேசியே பாதிக் கல்லா. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில், வங்கிக் கணக்கிலிருந்து வரும் தொகைக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என 2020 ஜனவரி 1 முதல் அரசு விதித்தது. நூறு ரூபாய் சர்க்கரை விற்றால் ஓரிரு ரூபாயே மிஞ்சும் நமக்கு, ஒரு சதவீதப் பிடித்தம்கூட லாபத்தையே விழுங்கிவிடும். ஆனால் இதுவும் ஒரு கொள்கை முடிவே, நாளை மாற்றப்படலாம். கடன் அட்டை வழி வரும் தொகைக்கும், ஒலிப்பெட்டி வாடகைக்கும் இச்சலுகை பொருந்தாது.

எனவே வணிகப் பெருமக்களே! மாதந்தோறும் வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். காரணமற்ற பிடித்தம் இருந்தால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் தந்து, நகலைச் சங்கத்தில் சேருங்கள். 30 நாட்களில் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சலுகையை மாற்றும் பேச்சு எழும்போது, ஆதாரத்தோடு வாதாட அந்த நகல்களே சங்கத்திற்குக் கைகொடுக்கும்.