பெருங்கடல் சுழல்களின் ஆற்றல் இழப்பு

பெருங்கடல் சுழல் என்பது கடல் நீரோட்டங்களிலிருந்து உருவாகி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே நகரும் நீர்த்திரள் ஆகும். ஆற்றில் காணும் நீர்ச்சுழியை இது ஒத்திருந்தாலும் இதன் விட்டம் பொதுவாக 50 முதல் 200 கிலோமீட்டர் வரை இருக்கும். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இது நிலைத்திருக்கும். பெருங்கடல்களின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி இத்தகைய சுழல்களில்தான் உள்ளது.

ஆற்றல் எளிதில் குறையாதது ஏன்?

வாளி நீரைக் கலக்கிவிட்டால், அதில் தோன்றும் சுழல் சிறுசிறு சுழிகளாக உடைந்து விரைவில் அடங்கிவிடும். அதன் ஆற்றல் உராய்வினால் வெப்பமாகிறது. பெருங்கடலில் புவியின் சுழற்சியும், அடர்த்திக்கேற்ப நீர் அடுக்கடுக்காக அமைந்திருப்பதும் இவ்வாறு உடைவதைத் தடுக்கின்றன. சுழல்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாவதும் உண்டு. எனவே, அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் கடலின் எல்லைகளில்தான் வெளியேறுகிறது.

ஆற்றலை இழக்கும் இடங்கள்

கடற்பரப்பு: சுழலின் ஒரு பக்கத்தில் நீர் காற்றின் திசையிலும், மறுபக்கத்தில் காற்றுக்கு எதிராகவும் ஓடுகிறது. எதிர்த்து ஓடும் பக்கத்தில் உராய்வு அதிகம் என்பதால், மொத்தத்தில் காற்று சுழலைத் தளர்த்துகிறது.

கடலடி: தரையோடு ஏற்படும் உராய்வில் ஒரு பகுதி ஆற்றல் குறைகிறது. மேடுபள்ளங்களின் மேல் நீர் ஓடும்போது கடலுக்குள் அலைகள் எழுகின்றன. அவை உடையும்போது ஆற்றல் சிதறி, மேல்நீரும் கீழ்நீரும் கலக்கின்றன.

மேற்கு எல்லை: புவி கோளவடிவில் சுழல்வதால் பெரும்பாலான சுழல்கள் மெல்ல மேற்கு நோக்கி நகர்கின்றன. செயற்கைக்கோள்கள் அளந்த கடல்மட்ட உயரங்களை ஆராய்ந்த ஷாவோமிங் ஜாய், ஹெலன் ஜான்சன், டேவிட் மார்ஷல் ஆகியோர், பெருங்கடல்களின் மேற்கு ஓரங்களில் இவற்றின் ஆற்றல் பெருமளவு மறைவதை 2010இல் காட்டினர். இப்பகுதியைச் சுழல்களின் இடுகாடு எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் அகுல்காஸ் நீரோட்டம் கிழக்கே திரும்பி வளைகிறது. அங்குப் பிரியும் சுழல்கள், இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீரை அட்லாண்டிக்கிற்குள் கொண்டு செல்கின்றன. முதல் சில மாதங்களிலேயே இவை வெகுவாக வலுவிழக்கின்றன. எஞ்சியவை வால்விஸ் கடலடி மலைத்தொடரைக் கடந்து பிரேசிலின் திசையில் ஆண்டுக்கணக்கில் பயணிக்கின்றன.

முக்கியத்துவம்

சுழல் வலுவிழக்கும் இடத்தில் அது சுமந்து வந்த வெப்பமும் உப்பும் சுற்றியுள்ள நீரில் கலக்கின்றன. உலகத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பலவற்றால் இச்சுழல்களைத் தனித்தனியே காட்ட இயலாது. அவற்றின் விளைவைச் சூத்திரங்களாகவே சேர்க்க வேண்டியுள்ளது. ஆற்றல் எங்கே, எவ்வளவு குறைகிறது என்பதைத் தவறாகக் கொண்டால், கடல் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்கும் என்ற கணிப்பும் பிழைபடும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், முன்பு புலப்படாத சிறிய சுழல்களையும் அளந்து வருகிறது.